அட்ஜஸ்ட் என்று நான் சொன்னது

லண்டனில் உட்கார்ந்துகொண்டு போன் வழியாக மொழிபெயர்த்துச் சொல்வது என் வேலை. ஒரு முனையில் டாக்டரோ நர்ஸோ இருப்பார், இன்னொரு முனையில் ஆங்கிலம் சரளமாக வராத தமிழர் ஒருவர். நடுவில் காதில் ஹெட்செட்டும் மடியில் நோட்டுமாக நான். இந்த வேலைக்கு முதலில் சொல்லித் தரும் விதி, பேசுகிறவராகவே பேச வேண்டும் என்பது. "எனக்கு மூச்சு வாங்குது" என்று அவர் சொன்னால், அவருக்கு மூச்சு வாங்குகிறதாம் என்று நான் சொல்லக் கூடாது. எனக்கு மூச்சு வாங்குகிறது என்றுதான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். பத்து வருஷமாக எத்தனையோ பேருடைய 'நான்' என் வாயிலிருந்து போயிருக்கிறது. அதில் ஒரு 'நான்' மட்டும் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். குழந்தை பிறந்து ஏழு வாரம் ஆன ஒரு பெண். இங்கே பிரசவத்துக்குப் பிறகு வீடு தேடி வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்கிற நர்ஸை ஹெல்த் விசிட்டர் என்பார்கள். அவர் வந்திருந்தார், போன் ஸ்பீக்கரில் இருந்தது. குழந்தையின் எடை, பால் குடிப்பது, தடுப்பூசி எல்லாம் பேசி முடித்ததும், அம்மாவின் மனநிலையைக் கேட்கிற தாளை எடுத்தார். எடின்பரோ அளவுகோல் என்று பெயர், 1987 முதல் புழக்கத்தில் இருப்பது. கடந்த ஏழு நாளைப் பற்றிப் பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில், பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 30. 10, 13 என்ற எண்களை எல்லையாக வைத்து, அதைத் தொட்டவர்களைக் கூடுதலாகக் கவனிப்பார்கள். ஆறாவது கேள்வி, காரியங்கள் தலைக்கு மேல் போகிற மாதிரி இருக்கிறதா, சமாளிக்க முடிகிறதா என்பதைக் கேட்பது.

அந்தப் பெண் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னாள்: "சில நாள் முடியலதான்க்கா. மாமியார் வந்திருக்காங்க, அவங்களுக்கு மூணு வேளையும் தனியா செய்யணும். ராத்திரி இவன் தூங்கறதே இல்ல. எல்லாரும் சாப்பிட்டப்புறம் கிச்சன்ல நின்னுக்கிட்டே ரெண்டு வாய் போட்டுப்பேன். என்ன பண்றது, அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஒன்றையும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். மாமியாரைச் சொன்னேன், மூன்று வேளையைச் சொன்னேன், நின்றுகொண்டே சாப்பிடுவதையும் சொன்னேன். கடைசியில், "பட் ஐ ஆம் அட்ஜஸ்டிங்." அந்தப் பக்கம் ஒரு நிம்மதிப் பெருமூச்சு கேட்டது. "ஓ, தட்ஸ் லவ்லி" என்றார் ஹெல்த் விசிட்டர். புதுக் குழந்தை வந்த வீட்டில் எல்லோருக்கும் கொஞ்ச நாள் பிடிக்கும், நீங்கள் நன்றாகவே செய்கிறீர்கள் என்றார். பெரும்பாலும் நல்லபடியாகச் சமாளிக்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அதை அப்படியே தமிழில் கேட்டேன். அவளுக்கு ஓரளவு ஆங்கிலம் புரியும். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்த 'லவ்லி' அவள் காதில் விழுந்திருக்கும். கொஞ்ச நேரம் குழந்தையின் முனகல் மட்டும்தான் கேட்டது. பிறகு, "ம்... போட்டுக்கோங்க" என்றாள்.

அந்தப் பதிலுக்கு ஒரு மதிப்பெண். சில நேரம் முடியவில்லை என்று குறித்திருந்தால் இரண்டு. அடுத்த கேள்விக்குப் போனோம். அழைப்பு முடிந்தது. நோட்டைக் கிழித்துப் போடும் முன்பு பார்த்தேன். மாமியார் என்பதற்கு ஒரு 'மா', மூன்று வேளைக்கு '3', கடைசியில் 'அட்ஜ்' என்று எழுதி ஒரு கோடு. மற்ற எல்லாவற்றையும் மொழிபெயர்த்திருக்கிறேன், அந்த ஒன்றைத் தவிர. அது ஏற்கெனவே ஆங்கிலமாக இருந்ததால் அப்படியே எடுத்துத் தாண்டி விட்டுவிட்டேன்.

ஏஜென்சிக்குப் போன் செய்து, ஆறாவது கேள்வியில் என் மொழிபெயர்ப்பு சரியில்லை, அந்த நர்ஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எழுத்திலும் கொடுத்தேன். அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். நாங்கள் நோயாளியையோ நர்ஸையோ நேரில் தொடர்புகொள்ளக் கூடாது. அதற்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்கவே இல்லை.

ஒரே சொல், இரண்டு திசை

ஆங்கிலேயர் ஒருவர் புது ஊருக்குப் போய், எப்படி இருக்கிறது என்று கேட்டால் அட்ஜஸ்ட் ஆகிக்கொண்டிருக்கிறேன் என்பார். பழகிக்கொண்டிருக்கிறேன், நாளுக்கு நாள் தேவலை என்று பொருள். அதில் ஒரு ஏறுமுகம் உண்டு. நம்முடைய அட்ஜஸ்ட்டில் அது கிடையாது. நிலைமை மாறப்போவதில்லை, நான்தான் குறுகிக்கொள்கிறேன் என்பதைத்தான் நாம் அந்தச் சொல்லால் சொல்கிறோம். அவள் சொன்னது முடியவில்லை என்பதன் நாகரிகமான வடிவம். நான் கொண்டுபோய்ச் சேர்த்ததோ சரியாகிக்கொண்டு வருகிறது என்ற நல்ல சேதி.

ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஏதாவது ஒரு பொருளைத்தான் அட்ஜஸ்ட் செய்வார்கள். காரின் கண்ணாடி, நாற்காலியின் உயரம், கடிகாரம். ஆளைப் பற்றிப் பேசினால் எதற்குப் பழகுகிறார் என்பது கூடவே வரும், அல்லது சூழலில் தெளிவாக இருக்கும். நம் பஸ்ஸில் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்கிறவர் எதை என்று சொல்வதே இல்லை. பெங்களூரில் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்பது ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்ட வாக்கியம். இந்திக்காரர் "தோடா அட்ஜஸ்ட் கர் லோ" என்பார், தெலுங்கில் "கொஞ்செம் அட்ஜஸ்ட் சேஸ்கோண்டி". எல்லாவற்றிலும் முன்னால் ஒரு 'கொஞ்சம்', பின்னால் ஒரு துணைவினை. எதை என்ற இடம் மட்டும் காலி.

அந்தத் துணைவினையைத்தான் நான் பல நாள் உருட்டிக்கொண்டிருந்தேன். பிரேக்கை அட்ஜஸ்ட் பண்ணுங்க என்று மெக்கானிக்கிடம் சொல்வோம். மனிதரிடம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க என்போம். நடுவில் நுழைந்த அந்தக் 'கொள்'தான் ஆங்கிலச் சொல்லின் முகத்தை மாற்றிவிடுகிறது. வினையைச் செய்கிறவர் பக்கமே திருப்பிவிடுவது அதன் வேலை. எடுத்துக்கொள், வைத்துக்கொள் என்றால் உனக்காகச் செய்துகொள் என்ற ஆதாயம் அதில் இருக்கும். பொறுத்துக்கொள், அடக்கிக்கொள் என்றால் சுமை உன்மேல். தெலுங்கின் 'கோ'வும் இந்தியின் 'லே'வும் ஏறக்குறைய இதையே செய்கின்றன. ஆங்கிலத்திலிருந்து சொல்லை மட்டும்தான் வாங்கினோம். அதை யார் தலையில் வைப்பது என்பதை நம் இலக்கணம் பார்த்துக்கொண்டது. அதனால்தான் அதை அப்படியே ஆங்கிலத்துக்குத் திருப்பி அனுப்ப முடியாது. போகும்போது 'கொள்' இங்கேயே தங்கிவிடும்.

அட்ஜஸ்ட் வருவதற்கு முன்னால் என் அம்மாயி என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். அனுசரிச்சுப் போ என்பார். அது வடமொழியிலிருந்து வந்த சொல், பின்னால் செல்வது என்று அர்த்தம். விட்டுக்கொடு என்பார். ஒத்துப்போ, பொறுத்துப்போ, சமாளி. இவை ஒவ்வொன்றும் வேறு வேறு. விட்டுக்கொடுக்க வேண்டுமானால் முதலில் அது என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். பொறுத்துப்போ என்றால் வலி இருக்கிறது என்று சொல்கிறவரே ஒப்புக்கொள்கிறார். ஒத்துப்போக எதிரில் ஒரு ஆள் வேண்டும். அனுசரி என்றால் முன்னால் போகிறவர் ஒருவர் இருக்கிறார். அட்ஜஸ்ட் வந்து இந்த ஐந்தையும் விழுங்கிவிட்டது. இப்போது கல்யாணமான பெண்ணிடம் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போ சாமி" என்றால், அவள் விட்டுக்கொடுக்க வேண்டுமா, வலியைப் பொறுக்க வேண்டுமா, யார் பின்னால் போக வேண்டும், ஒன்றும் தெரிவதில்லை. கேட்கவும் முடிவதில்லை. கொஞ்சம்தானே!

ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு மொழிபெயர்க்கும்போது இந்தச் சொல் எனக்கு அநேகமாக வருவதில்லை. அவர்கள் "சமாளிக்கிறன்" என்பார்கள். அதிலும் வலி மறைந்திருக்கும், ஆனால் தமிழாக இருப்பதால் நான் நின்று யோசித்துவிடுவேன். யோசிக்காமல் தாண்டிப் போகச் செய்வது ஆங்கில வேஷத்தில் வருகிற நம் சொற்கள்தான்.

மாமாவின் பட்டறை

இந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது பஸ்ஸில் அல்ல, பொள்ளாச்சியில் என் மாமா வைத்திருந்த பைக் பட்டறையில். பள்ளி லீவுக்குப் போனால் அங்கேதான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். "டேப்பட் அட்ஜஸ்ட் பண்ணோணும், வண்டிய விட்டுட்டுப் போங்" என்பார் வாடிக்கையாளரிடம். இன்ஜின் சூடாக இருந்தால் தொட மாட்டார், ஆற வேண்டும். ஆறியதும் மூடியைக் கழற்றி, வால்வுக்கும் அதை அழுத்துகிற திருகுக்கும் நடுவில் ஃபீலர் கேஜை நுழைப்பார். கத்தி மடிப்பு மாதிரி விரிகிற மெல்லிய எஃகுத் தகடுகள், ஒவ்வொன்றிலும் அதன் தடிமன் பொறித்திருக்கும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு முன்னே பின்னேதான் அந்த இடைவெளி. திருகைக் கொஞ்சம் திருப்புவார், தகட்டை இழுத்துப் பார்ப்பார். லேசாகப் பிடித்துக்கொண்டு, அதே சமயம் வழுக்கி வர வேண்டும். என் விரலைப் பிடித்து ஒருமுறை இழுக்க வைத்தார். எண்ணெய் தடவிய காகிதத்தை நோட்டுக்குள்ளிருந்து உருவுகிற மாதிரி இருந்தது.

ஏன் மாமா, சுத்தமா ஒட்டி வைக்கக் கூடாதா என்று கேட்டேன். "ஓட ஓட இரும்பு சூடாகி நீளும் கண்ணு. எடம் விடாம இறுக்கி வச்சா வால்வு மூடாது, எரிஞ்சு போகும். ரொம்ப விட்டாலும் கடகடன்னு சத்தம் போடும்" என்றார். அட்ஜஸ்ட் பண்ணுவது என்றால் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அளந்து பார்ப்பது என்றுதான் பத்து வயதில் எனக்குப் பதிந்தது. பிற்பாடு அதே சொல்லை வீட்டில் கேட்டபோது, யாரும் எதையும் அளந்ததாகத் தெரியவில்லை. இறுக்குவது மட்டும் நடந்தது.

சொல்லின் வேரைத் தேடிப் போனபோது ஒரு விஷயம் கிடைத்தது. ஆங்கிலத்துக்கு இது பிரெஞ்சு வழியாக வந்தது. அடியில் இருப்பது லத்தீன். 'அட்' என்றால் நோக்கி, 'யுக்ஸ்தா' என்றால் அருகில். அருகில் கொண்டுவருவது என்பதுதான் பழைய அர்த்தம். பின்னால் வந்தவர்கள் அதை 'யுஸ்தூஸ்' என்ற சொல்லோடு இணைத்துப் பார்த்தார்கள். அதற்கு நியாயமானது, சரியானது என்று பொருள். அந்த உறவு தவறு, ஆனால் அர்த்தத்தில் ஒட்டிக்கொண்டது. அருகாமையும் நியாயமும் ஒரே சொல்லுக்குள் வந்தது இப்படித்தான்.

அருகாமையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு பொங்கலுக்கு முந்தின நாள், கோவையிலிருந்து அன்ரிசர்வ்டு பெட்டியில், கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தேன். ஜன்னலோரம் இருந்த அம்மா, பக்கத்தில் நீட்டிப் படுத்திருந்த தன் பேத்தியின் கால்களை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "வா கண்ணு, உக்காரு" என்றார். அரை அடி இடம்தான், ஈரோடு வரை அதில் நிம்மதியாக வந்தேன். அவர் அட்ஜஸ்ட் என்ற சொல்லையே சொல்லவில்லை. இடம் கொடுக்கிறவர்கள் வாயில் அது அநேகமாக வருவதில்லை என்பதை அதற்குப் பிறகுதான் கவனிக்க ஆரம்பித்தேன். கேட்கிறவர்கள்தான் சொல்கிறார்கள், அல்லது கொடுக்க ஒன்றும் மிச்சமில்லாதவர்கள்.

வேறு நாட்டில், வேறு கணக்கு

எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகிச் சுவர் ஊறிப்போன வருஷம், இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து லாஸ் அட்ஜஸ்டர் வருவார் என்று கடிதம் வந்தது. அட்ஜஸ்ட் பண்ணுவதையே தொழிலாக வைத்திருக்கிற ஒருவர்! வந்தவர் டேப்பை எடுத்து ஈரம் ஏறிய உயரத்தை அளந்தார், படம் எடுத்தார், எவ்வளவு நஷ்டம், எவ்வளவு தர வேண்டும் என்று எழுதிக்கொண்டார். மாமா அளந்தது ஞாபகம் வந்தது.

ஸ்பானிஷ் மொழிபெயர்க்கும் தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னபோது, அவர்கள் மொழியில் இதே குடும்பத்துச் சொல் 'அஹுஸ்தே' என்றாள். 'அஹுஸ்தே தெ குவெந்தாஸ்' என்றால் கணக்கைச் சரிசெய்வது. பத்திரிகையில் அப்படி வந்தால் பழிவாங்கல், பெரும்பாலும் கொலை. நாம் கணக்குத் தீர்த்துட்டான் என்று சொல்வதில்லையா, அது. அர்ஜென்டினாவில் வெறும் 'அஹுஸ்தே' என்றாலே அரசாங்கம் செலவை வெட்டுவது, மானியத்தைக் குறைப்பது. மேலே முடிவெடுப்பார்கள், கீழே இருப்பவர்கள் வயிற்றைச் சுருக்க வேண்டும். இந்த ஒன்றைக் கேட்டபோதுதான், நம் அட்ஜஸ்ட்டுக்கு உலகத்தில் ஒரு உடன்பிறப்பு இருக்கிறது என்று தோன்றியது.

நம் பக்கத்தில் இந்தச் சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கேரளத்தில் பார்த்தோம். திரையுலகில் பெண்கள் நிலையை ஆராய 2017இல் அந்த அரசு நியமித்த நீதிபதி ஹேமா குழு, 2019 டிசம்பர் கடைசியில் அறிக்கை கொடுத்தது. அது வெளியே வந்தது 2024 ஆகஸ்டில். 'காம்ப்ரமைஸ்', 'அட்ஜஸ்ட்மென்ட்' என்ற இரண்டும் மலையாள சினிமாவில் வேலை செய்யும் பெண்களுக்கு மிகவும் பழகிப்போன சொற்கள் என்று அதில் இருக்கிறது. வாய்ப்பு வேண்டுமானால் உடலைக் கொடு என்பதைச் சொல்ல அங்கே தனியாக ஒரு கெட்ட வார்த்தை தேவைப்படவில்லை. எதை என்ற இடம் காலியாகவே இருந்ததால் அதற்குள் எதை வேண்டுமானாலும் வைக்க முடிந்தது. பஸ்ஸில் அரை அடி இடம் கேட்கிறவரும் இந்த ஆளும் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள், ஒரே இளிப்போடு மறுப்பை வாங்க மறுக்கிறார்கள் என்பதை அறிக்கைச் செய்தியைப் படித்த அன்று என்னால் தாங்க முடியவில்லை.

மறுபடியும் அந்தச் சொல்

எங்கள் வேலையில் ஒரு வழி உண்டு. ஒரு சொல் இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று பட்டால், மொழிபெயர்ப்பாளராகப் பேசுகிறேன் என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டு, விளக்கம் கேட்கலாம். அந்த ஆறாவது கேள்வியில் நான் செய்திருக்க வேண்டியது அதுதான். நேரம் ஆகும், டாக்டர்கள் அவசரத்தில் இருப்பார்கள், அதனால் கை வராது.

போன குளிர்காலத்தில் ஒரு அழைப்பு. சர்க்கரை நோய்க்கான செக்கப், எழுபதை நெருங்கிய ஒரு அம்மா, மகன் வீட்டில் இருக்கிறார். மூன்று மாத சராசரி ஏறியிருக்கிறது, மாத்திரையைச் சாப்பாட்டோடு ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று நர்ஸ் கேட்டார். "அட்ஜஸ்ட் பண்ணிப் போட்டுக்கறேன்" என்றார் அந்த அம்மா. நோட்டில் 'அட்ஜ்' என்று எழுதப் போன பேனா நின்றது. இதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால், மாத்திரையின் அளவை அவராகவே கூட்டிக் குறைக்கிறார் என்று நர்ஸ் எடுத்துக்கொள்வார்.

மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன், அவர் சொன்ன ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்க வேண்டும் என்று நர்ஸிடம் சொன்னேன். கேளுங்கள் என்றார். "அம்மா, நான் டிரான்ஸ்லேட்டர் கேக்கறேன். அட்ஜஸ்ட்டுன்னா எதை, எப்படின்னு கொஞ்சம் சொல்றீங்களா?"

அந்தம்மா முதலில் சிரித்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா." நான் காத்திருந்தேன். நர்ஸும் காத்திருந்தார். "காலைல எல்லாரும் அவசரமா கிளம்புவாங்க. புள்ளைங்க ஸ்கூலுக்கு, மருமக ஆபீஸுக்கு. சமையல்கட்டுல நான் போய் நின்னா இடைஞ்சல். அவங்க போற வரைக்கும் நான் ரூமை விட்டு வெளிய வரதில்ல. அப்புறம் குளிச்சு, சாமி கும்பிட்டு, சாப்பிடப் பத்தரை பதினொண்ணு ஆயிரும். மாத்திரை அதுக்கப்புறந்தான். சில நாள் மறந்துரும். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க, நல்ல புள்ளைங்க. நானாத்தான்."

ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். நர்ஸ் டைப் செய்யும் சத்தம் நின்றது. எட்டு மணிக்கு ஏதாவது சாப்பிட, அறையிலேயே கொஞ்சம் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். "பிஸ்கட் ஏதாச்சும் வைக்கலாம். கேக்கணும்" என்றார் அம்மா. யாரிடம் கேட்க வேண்டும் என்று நர்ஸ் கேட்டார். அதையும் தமிழில் கேட்டேன்.

பதில் வரச் சற்று நேரமானது. ஹீட்டர் ஓடுகிற சத்தம் போனில் கேட்டுக்கொண்டிருந்தது.

"கேக்க வேண்டாம்மா. பக்கத்துக் கடைக்கு நடந்துதான் போவேன். நானே வாங்கி வச்சுக்கறேன்னு சொல்லு."

சொன்னேன்.